ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

அத்தியாயம் 11

முழங்கைச் சிராய்ப்பு ஆறிவிட்டது. அது யாரால் வந்தது என்ற வழக்குதான் இன்னும் தீரவில்லை.

போன வாரம் ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். கோபிநாத் வண்டியை ஓட்ட, மனைவி சுகுணா பின்னால் உட்கார்ந்து போனில் வழி கேட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் தொழில் நடக்கும் விதமே அதுதான். ரிப்பேர் பார்ப்பது அவன், வாடிக்கையாளரிடம் பேசுவது அவள். "லெஃப்ட்டுல திரும்புங்க" என்று அவள் கத்தியது அவன் ஹெல்மெட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. திருப்பம் பின்னால் போய்விட்ட ஆத்திரத்தில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் பதறிப்போய் பிரேக்கைப் பிடித்தான். சாலையோர மணலில் வண்டி சறுக்கியது. நல்லவேளை, அவன் முழங்கையோடு போயிற்று.

"கத்துனேன்ல, கேக்கலையா?"

"கேட்டுச்சு. என்னன்னு கேக்கல."

இதற்கு மருந்து சொன்னவன் சுகுணாவின் தம்பி அஜித். புதுக்கோட்டையில் செல்போன் கடை ஒன்றில் வேலை. லீவு கிடைத்தால் கூட்டாளிகளோடு பைக்கில் கொல்லிமலை, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுவான். ஹெல்மெட்டுக்கென்றே ப்ளூடூத் இன்டர்காம் இருக்கிறது, இருவர் ஹெல்மெட்டிலும் மாட்டிவிட்டால் ஓடுகிற வண்டியிலும் கிசுகிசுத்தாலே கேட்கும் என்றான். கேட்ட மாத்திரத்தில் சுகுணாவுக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை புதுக்கோட்டை போய் வாங்குவது என்று முடிவாயிற்று.

வண்டியில் பேச்சு கேட்கவில்லை என்றால் கடையில் போய் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் பேச்சே வரவில்லை என்றால் எந்தக் கடைக்குப் போவது?

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் கத்தாருக்குப் போனவன் கோபிநாத். ஏசி மெக்கானிக். ஒன்பது வருஷம். இடையில் இரண்டு மூன்று முறை லீவில் வந்ததோடு சரி. ஆனால் ஒரு ராத்திரி தவறாமல் போன் வரும். எடுத்ததும் முதல் வார்த்தை, "சாப்பிட்டியா?" அதிலிருந்து தொடங்கிக் குழாய் ஒழுகுவது, ஹரிணிக்குப் பல் விழுந்தது, அவன் ரூமில் சாம்பார் அடிப்பிடித்தது என்று பேச்சு எங்கெங்கோ போகும். சண்டையும் அதிலேயே, சமாதானமும் அதிலேயே. நேரில் வாழ்ந்த நாளைவிடப் போனில் வாழ்ந்த நாள்தான் அவர்களுக்கு அதிகம்.

சித்திரையில் ஒரேயடியாக வந்துவிட்டான். திருவரங்குளத்தில் 'கோபி கூலிங்' என்று சின்னதாக ஒரு கடை போட்டான். வெயில் காலம் முழுக்க ஓய்வில்லாத வேலை. வீட்டுக்குள் மட்டும் "சாவி எங்க", "மழை வரும்போல", "உப்பை எடு" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதுதான் கஷ்டமே. கோபமாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. பழைய கம்பெனியே. விசா தயார், வருகிறாயா இல்லையா என்று சனிக்கிழமை ராத்திரிக்குள் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி சுகுணாவுக்குத் தெரியாது. அஜித்துக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பிக் கொடுத்தவனே அவன்தான்.

அந்தச் சனிக்கிழமை இன்றுதான்.

*

காலையில் டியூஷனுக்குக் கிளம்பிய ஹரிணி, ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க அம்மாவைத் தேடினாள். ஐந்தாம் வகுப்பு. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவை இரண்டு முறை கடந்து போனாள்.

"கொண்டா, அப்பா கட்டி விடுறேன்" என்று கோபிநாத் கையை நீட்டினான்.

"ஒங்களுக்குத் தெரியாதுப்பா" என்றாள் ஹரிணி. அதில் எந்த வன்மமும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

நீட்டிய கையை அவன் மெதுவாக மடக்கிக்கொண்டான். இதே பெண், அவன் அங்கே இருந்தபோது, "நான் மொதல்ல பேசுறேன், நான் மொதல்ல" என்று அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்குவாள். அவனுக்கு வலித்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

*

அஜித் சொன்ன எழிலரசனின் கடை புதுக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டு பக்கம். வாசலில் ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கும். உள்ளே கையுறை, மழைக்கோட்டு, ஒரு மூலையில் டயர் அடுக்கு. அஜித் முன்னாலேயே வந்து, தானே கடைக்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். அக்கா, இங்கிட்டு வா. இதான் நான் சொன்ன மாடல். எட்டுப் பேரு ஒரே நேரத்துல பேசலாம்."

"நாங்க ரெண்டே பேருடா."

"பின்னாடி தேவைப்படும்ல?"

"எட்டுப் பேரு பேசுனா யாரு கேக்குறது?" என்றாள் சுகுணா. எழிலரசன் சிரித்தான்.

மேஜை மேல் இரண்டு பெட்டிகளை வைத்தான் அவன். ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது. சுகுணா கேள்விகளை ஆரம்பித்தாள். மழையில் நனைந்தால் என்ன ஆகும்? காதுக்குள் செருக வேண்டுமா? அவளுடையது அரை ஹெல்மெட், அதில் மாட்ட முடியுமா? ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆலங்குடி போய் வரத் தாங்குமா?

"ரெண்டு நாளைக்கே தாங்கும்க்கா. காதுல செருக வேணாம், உள்ள பஞ்சுக்கு அடியில ஸ்பீக்கரை ஒட்டிருவோம். அரை ஹெல்மெட்டுக்குக் குச்சி மைக்கு தனியா வருது. வாய்க்கு நேரா வளச்சு விட்டுக்கலாம்."

"நாங்க பேசுறது ரோட்டுல போறவங்களுக்குக் கேக்குமா?"

"ஒங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் கேக்காது."

கோபிநாத் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தான். அஜித் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி கையுறைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நீங்க ஒன்னும் சொல்லலையே?"

"ஒனக்கு எது சரின்னு படுதோ எடு."

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

"மொதல்ல பெரிய செட்டைப் போட்டுப் பாருங்க" என்று எழிலரசன் இருவர் ஹெல்மெட்டிலும் மாட்டிக் கொடுத்தான். "ரெண்டு வண்டி தனித்தனியாப் போனாலும் கேக்கும். காலி ரோட்டுல ஒரு கிலோமீட்டர் எடுக்கும், ஊருக்குள்ள கொஞ்சம் கொறையும். அண்ணே, நீங்க இப்படியே தெருவோட நடந்து போங்க. அக்கா இங்க நிக்கட்டும். எதுவரைக்கும் கேக்குதுன்னு பாப்போம்."

கோபிநாத் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். வண்டி இல்லாமல், முகம் மூடிய ஹெல்மெட்டோடு ஒரு ஆள் நடந்து போவதைப் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சுகுணா கடை வாசலில் நின்றாள். காதுக்குள் முதலில் ஒரு சின்ன இரைச்சல். பிறகு அவன் மூச்சு. பிறகு குரல்.

"சுகுணா."

"ம்."

"சாப்பிட்டியா?"

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் இட்லி சாப்பிட்டார்கள். சட்னியில் உப்பு குறைச்சல் என்பதை அவன் சொல்லாமல் விழுங்கியதுகூட அவளுக்குத் தெரியும். ஆனால் இது வீட்டில் சாவி எங்கே என்று கேட்கிற குரல் இல்லை. ஒன்பது வருஷம் ராத்திரி ராத்திரி காதோடு ஒட்டிக்கொண்டிருந்த குரல்.

"சாப்ட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள், தன்னை அறியாமல்.

எழிலரசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னக்கா, ஒன்னாத்தானே வந்தீங்க?"

சுகுணா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். டயர் அடுக்கியிருந்த மூலைக்குப் போய் நின்றாள்.

"பழக்கம் விடல பாரு" என்றான் கோபிநாத், காதுக்குள் சிரித்தபடி.

"ஆமா, விடல."

கொஞ்ச நேரம் அவன் நடக்கிற மூச்சு மட்டும் கேட்டது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை. அவனுக்கும் அவள் முகம் தெரியவில்லை. இருவருக்கும் பழகிய நிலைமை அது.

"சுகுணா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கத்தார்லேர்ந்து கூப்புட்டாங்க. பழைய கம்பெனிதான். விசா ரெடியாம். வாரேனா இல்லையான்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்."

சுகுணா டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பக் கூப்புட்டாங்க?"

"ஆச்சு, ஒரு வாரத்துக்கு மேல."

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுல ஒன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல."

அவளுக்குக் கோபம் வந்தது. அதே நேரத்தில், கடைசியில் சொல்லிவிட்டானே என்று ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

"கடை ஓடலைன்னு பாக்குறீங்களா?"

"கடை ஓடும். மழை முடிஞ்சு வெயில் வந்தா தானா ஓடும். அதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

டீக்கடையைத் தாண்டி, போஸ்டர் ஒட்டிய ஒரு சுவருக்கு முன்னால் கோபிநாத் நின்றுவிட்டான். சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"அங்கேர்ந்து பேசுனா நான் ஒனக்குப் புருஷன், அவளுக்கு அப்பா. இங்க வந்ததுலேர்ந்து விருந்தாளி மாதிரி இருக்கேன். ஹரிணிக்கு ஒரு ரிப்பன் கட்டத் தெரியல எனக்கு. போன்ல பேச அவளுக்கு அவ்வளவு இருந்துச்சு. எதுக்க ஒக்காந்திருந்தா ஒன்னுமில்ல. ஒனக்கும்தான் ஒன்னுமில்ல. எனக்கும்தான். அங்கிட்டே இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு தோணுது. சொல்லவே கேவலமா இருக்கு. ஆனா தோணுது."

டீக்கடையில் நின்ற ஒருவர் குரல் கொடுத்தார். "என்னண்ணே, வண்டியத் தொலைச்சிட்டீங்களா?"

அந்தக் கேள்வியும் சுகுணாவின் காதில் விழுந்தது. சிரிக்க வேண்டிய இடம்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எதுவரைக்கும் போயிருக்கீங்க?"

"டீக்கடை தாண்டி. கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. திரும்பி வாங்க."

*

கோபிநாத் வந்தான். இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கழற்றியதும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"எப்புடி மச்சான், கிளியரா இருந்துச்சா?" என்று அஜித் உற்சாகமாகக் கேட்டான். அக்காவின் முகத்தைப் பார்த்தவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்கும் தெரியுமாடா?" என்றாள் சுகுணா.

"மச்சான்தான் சொல்ல வேணாம்னாங்க. அவங்களே சொல்றேன்னாங்க."

"சரி. சொல்லிட்டாங்க."

தம்பியை வெளியே வைத்துத் திட்டலாம் என்று நினைத்தாள். பிறகு, பாவம், அவன் என்ன செய்வான் என்று விட்டுவிட்டாள். மேஜைக்கு வந்து சின்னப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"தம்பி, இது எவ்வளவு தூரம் கேக்கும்?"

"அது பின்னாடி ஒக்கார்றவங்களுக்கு மட்டும்தாங்க்கா. வண்டிய விட்டு எறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போனாலே கேக்காது. சும்மா வாசலுக்கும் அடுப்படிக்கும்தான் வரும்."

"அதுக்கு மேல?"

"சுத்தமாக் கேக்காது. அதான் பெரிய செட்டைப் போட்டுப் பாருங்கன்னேன்."

"அக்கா, எடுக்குறதே எடுக்குற, நல்லதா எடு" என்றான் அஜித். "தூரம் ஜாஸ்தி இருந்தாத்தானே நல்லது?"

"தூரத்துலேர்ந்து பேசுறதுக்கு எங்ககிட்ட ஒன்னு இருந்துச்சுடா. ஒம்பது வருஷம் பேசியாச்சு." சின்னப் பெட்டியை எழிலரசன் பக்கம் நகர்த்தினாள். "இதையே மாட்டிக் கொடுங்க தம்பி."

கோபிநாத் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்க்கவில்லை. எழிலரசன் ஸ்பீக்கரை ஒட்டுவதையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

*

ஊர் திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. புதுக்கோட்டையைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் போகும் ரோட்டுக்கு வரும்வரை இருவரும் பேசவில்லை. காதுக்குள் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏங்க."

"ம்."

"இந்த ம் எல்லாம் வேணாம். வாயத் தொறந்து பேசுங்க. அதுக்குத்தான் வாங்கியிருக்கு."

"சொல்லு."

"நீங்க ஊருக்கு வந்த புதுசுல நான் அழுதேன், தெரியுமா?"

"எதுக்கு?"

"ராத்திரி போன் வரலையேன்னு."

கோபிநாத் வேகத்தைக் குறைத்தான்.

"நெசமாத்தான். நீங்க பக்கத்துல படுத்துக் கொறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. எங்கூட பேசிக்கிட்டிருந்த ஆளை மட்டும் காணோம். இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது? புருஷன் வந்துட்டாருன்னு ஊரே சந்தோஷப்படுது. நான் போனை வச்சுக்கிட்டு அழுதா சிரிக்க மாட்டாங்க?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு மட்டும் வாய் வருமா?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் அவள் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் இடித்தது. இவ்வளவு நாளும் தான் ஒருவன்தான் அந்த வீட்டில் அந்நியன் என்று நினைத்திருந்தான். அவளும் அப்படியே தவித்திருக்கிறாள் என்று தெரிந்தது அவனுக்கு வருத்தமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

திடீரென்று அவள் குரல் அறுந்தது. காதுக்குள் போன் அடித்தது. மெஷினை எழிலரசன் அவன் போனோடும் இணைத்துக் கொடுத்திருந்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்காமலே யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. அடித்து ஓய்ந்தது. அவள் குரல் திரும்பி வந்தது.

"ஹலோ? கேக்குதா? என்னங்க ஆச்சு?"

"போன் வந்துச்சு."

"அவங்களா?"

"அவங்களாத்தான் இருக்கும்."

"எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தா நீ கட்டாயிருவ."

தூறல் வலுத்து ஹெல்மெட்டில் தட்டியது.

"போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா, நான் சொல்லித்தான் நின்னீங்கன்னு காலம் பூரா ஆயிரும். போறதுன்னா போங்க. ஆனா இந்தத் தடவை ராத்திரி போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேக்காதீங்க. நான் எடுக்க மாட்டேன். குரலோட குடும்பம் நடத்துனது போதும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, இல்லைங்கல. அதனாலதான் வேணாங்குறேன். அதையே பழகிட்டா அப்புறம் நீங்க வந்தாலும் எனக்கு வேண்டியிருக்காது."

கோபிநாத் ஹெல்மெட் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்தான்.

"ஹரிணி?"

"அவகிட்ட நீங்கதான் சொல்லணும். இருக்கேன்னாலும் சரி, போறேன்னாலும் சரி. நான் நடுவுல வரமாட்டேன். இன்னிக்கே சொல்லணும். எதுக்க நின்னு, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு."

*

வண்டி சத்தம் கேட்டதுமே ஹரிணி வாசலுக்கு ஓடிவந்துவிட்டாள். என்ன வாங்கப் போகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். அம்மா கழற்றிய ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அது அவள் மூக்கு வரை இறங்கியது.

"அப்பா, நீங்க கழட்டாதீங்க! நான் உள்ள போறேன். நீங்க இங்கேயே நில்லுங்க. போன்ல பேசுவோம்ல, அதே மாதிரி பேசுவோம்!"

பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்கு ஓடினாள். அடுத்த நிமிஷம் கோபிநாத்தின் காதுக்குள் அவள் குரல் வந்தது. ஏழு மாதமாக அவன் கேட்காத குரல், மூச்சு வாங்க, குதூகலமாக.

"அப்பா! கேக்குதாப்பா? இன்னிக்கு டியூஷன்ல என்ன நடந்துச்சு தெரியுமா?"

அப்படியே நின்று பேசிவிடலாம். எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அது எவ்வளவு வசதி என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

சுகுணா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபிநாத் தாடைக்குக் கீழே இருந்த கிளிப்பைத் தடவினான். ஈர விரலுக்கு அது அகப்பட நேரமானது. கழற்றி வண்டியின் டேங்க் மேல் வைத்தான். உள்ளே ஹரிணி கத்துவது இப்போது வெறும் காதிலேயே கேட்டது.

"அப்பா, பேசுங்கப்பா! ஏன் பேச மாட்டேங்குறீங்க?"

"வாரேம்மா. அங்கேயே இரு" என்றான்.

சட்டைப் பையில் போன் மறுபடியும் அடித்தது. சுகுணா கையை நீட்டினாள். அவன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, தலையை இரண்டு கையாலும் கோதிக்கொண்டு உள்ளே போனான். வாசலில் தனியாக நின்ற சுகுணாவின் கையில் கத்தார் நம்பர் அடித்துக்கொண்டிருந்தது.